கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்

எங்கள் வீட்டில் ஒரு போன் இருக்கிறது. அதில் போன் பேச முடியாது. பேசலாம் என்று என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் சொல்கிறார். எதிர்முனையில் இருப்பவருக்கு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போலக் கேட்குமாம். வாட்ஸ்அப் அதில் கிடையாது. படம் எடுத்தால் எல்லார் முகமும் பச்சையாக விழும். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தால் சட்டை தேய்க்கிற அளவுக்குச் சூடாகிவிடும். இத்தனை சிறப்புகளும் உள்ள இந்தச் சாமானை அவர் ஹாங்காங்கிலிருந்து வரவழைத்து, தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசல் கேட்டருகே போய் நின்று வாங்கினார்.

"இது லினக்ஸ் போன்" என்றார். "மத்த போன் மாதிரி இல்ல. உள்ள இருக்கிறது முழு கம்ப்யூட்டர்."

"அப்ப கம்ப்யூட்டரையே வாங்கியிருக்கலாமே?"

"உனக்குப் புரியாது லா."

புரியவில்லைதான். வீட்டிலிருந்த லேப்டாப் செத்துப்போய், மெல்பர்னில் இருக்கும் மகள் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும், மனிதர் வேண்டாம் என்றுவிட்டார். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரித்துப் போடும் வேலையில் காலமெல்லாம் இருந்தவர். ஓய்வு பெற்று, மலேசியாவில் எங்கள் ஊரான ரெங்கத்துக்கு வந்த பிறகு அளப்பதற்கு வீட்டில் என்னைத் தவிர எதுவும் இல்லை. அதனால் அந்தப் போன் வந்ததில் எனக்கும் ஒரு வகையில் நிம்மதி.

நான் டொரத்தி. எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆர்கன் வாசிக்கிறேன். பள்ளிக்கூடம் போய்ப் படித்த சங்கீதம் இல்லை. கன்னியாஸ்திரீ ஒருவர் நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொடுத்தார், மிச்சத்தைக் காது பார்த்துக்கொண்டது. என் வீட்டுக்காரருக்குக் காது கிடையாது. கல்யாணப் பூசையில் பாடுவதும் அடக்கப் பூசையில் பாடுவதும் அவருக்கு ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு ஒரு காது போதும் என்று நான் அவரைக் கிண்டல் செய்துகொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த ஒரு காதுக்குத்தான் இந்த வருஷத் தொடக்கத்தில் ஆபத்து வந்தது. ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது இடது காதை அடைத்துவிட்டுப் போனது. உள்ளே ஓயாமல் ஒரு இரைச்சல். துணி எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பக்கத்து டவுனான குளுவாங்குக்கு பஸ் ஏறிப்போய் காது டாக்டரைப் பார்த்தேன். நரம்பு பாதித்திருக்கிறது என்றார். இன்னும் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். ஒரே சத்தம் இரண்டு காதிலும் இரண்டு மாதிரி கேட்கவும் வாய்ப்பிருக்கிறது என்றார். சந்தேகம் வராமல் இருக்க ஒரு மேசை விரிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் காது என்ன ஆகியிருக்கிறது என்று நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

இந்த நிலைமையில்தான் கோயில் திருவிழாவுக்குப் புதுப் பாட்டு ஒன்று வேண்டும் என்றார்கள். எங்கள் பாடகர் குழுவை நடத்தும் செல்வராணி டீச்சர் வரிகள் எழுதினார். நான் மெட்டுப் போட்டு நான்கு குரலுக்குப் பிரித்தேன். நானே மெட்டுப் போட்ட முதல் பாட்டு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

எங்கள் குழுவில் நோட்ஸ் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அவரவர் பாட வேண்டியதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிட வேண்டும். சமைக்கும்போதும், தொழிற்சாலை பஸ்ஸிலும், துணி மடிக்கும்போதும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு ஒத்திகைக்கு வருவார்கள். வழக்கமாக நான் வீட்டுக் கீபோர்டில் ஒவ்வொரு குரலாக வாசித்துப் பதிவு செய்வேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார்.

"நான் போன்ல எழுதித் தரேன். நோட்ஸ் எழுதுற மென்பொருள் இருக்கு, பெரிய பெரிய ஆளுங்க கம்ப்யூட்டர்ல வச்சு எழுதுறது. நீ எழுதுனதை அதுவே வாசிக்கும். தப்பே வராது."

தப்பே வராது என்றதும் நான் ஒத்துக்கொண்டேன். என் காதிலிருந்து குழப்பம் எதுவும் பாட்டுக்குள் போய்விடக் கூடாது, எந்திரமே வாசிக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு மவுஸை இணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மென்பொருள் மேசைக் கம்ப்யூட்டருக்காகச் செய்தது. அதை உள்ளங்கை அகலத் திரைக்குள் திணித்தால் என்ன ஆகும்? நான்கு குரலுக்கும் தனித்தனியாக ஐந்தைந்து கோடுகள், சுற்றிலும் நூறு குட்டிப் படங்கள். கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டார்.

"எஃப்" என்பேன் நான்.

"வச்சிட்டேன்."

"அது ஈ. ஒரு படி கீழ வச்சிருக்கீங்க."

"மவுஸ் கரெக்டாதான் காட்டுச்சு." மேலே நகர்த்துவார். நோட்டுக்குப் பதில் பக்கம் நகரும். பக்கத்தை நகர்த்தப் போனால் நோட்டு மேலே மேலே பறந்து, எந்த மனுஷியும் எட்ட முடியாத உயரத்தில் போய் உட்காரும். "அலமாக்" என்று தலையில் கை வைப்பார். மறுபடி தொடங்குவோம். இப்படியே பல நாள் காலை நேரங்கள் போயின. சண்டை போட்டோம், கோப்பி குடித்தோம், மறுபடி சண்டை போட்டோம். கடைசியில் பாட்டு முழுவதும் உள்ளே ஏறிவிட்டது. வரி வரியாக நானே சரிபார்த்தேன், கண்ணால்தான். ஒரு பிழை இல்லை.

அடுத்தது, அதை ஒலிக் கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டி திறந்து ஏதேதோ கேட்கும், கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அந்தப் பொத்தானைத்தான் காணோம். பெட்டி திரையை விடப் பெரியது. பொத்தான் திரைக்குக் கீழே, எங்கள் மேசை விரிப்பின் மேல் எங்கேயோ இருந்தது. போனைப் படுக்க வைத்தார். பெட்டி இன்னும் கீழே இறங்கியது. எழுத்தையெல்லாம் சிறிதாக்கினார். இப்போது இரண்டு பொத்தான்கள் கடுகு அளவில் தெரிந்தன. ஒன்றை அழுத்தினார். அது ரத்து செய்கிற பொத்தான்.

"பொத்தான் இருக்கு டொரத்தி" என்றார். "நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"இருந்து என்னாங்க புண்ணியம்?"

அவர் அசரவில்லை. மறுநாள் நான் மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தன் போன் ஒவ்வொரு குரலாகவும் பிறகு நான்கையும் சேர்த்தும் பாடப் பாட, நான் வீட்டில் வைத்துப் போன என் போனை அதன் வாயருகே பிடித்துப் பதிவு செய்துவிட்டார். நான் மீனோடு திரும்பி வருவதற்குள் குழுவில் எல்லாருக்கும் அனுப்பியும் ஆகிவிட்டது. "சூப்பர் அங்கிள்" என்று வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்திருந்தன. நானும் கேட்டேன். பாட்டு நான் நினைத்ததை விடக் கொஞ்சம் துறுதுறுவென்று இருந்தது போல ஒரு எண்ணம். சொந்தப் பாட்டை வெளியிலிருந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முதல் தடவையாக ஆர்கனோடு சேர்ந்து ஒத்திகை. செல்வராணி டீச்சர் நான்கு குரலும் சேர்ந்த பதிவை ஸ்பீக்கரில் போட்டார்.

"இதோட சேர்ந்து ஒரு தடவை பாடிருவோம். டொரத்தி அக்கா, நீங்களும் கூடவே வாங்க."

ஸ்பீக்கர் பாடியது. குழுவும் பாடியது. ஒரு குரல் பிசிறில்லை, அப்படிப் பழகியிருந்தார்கள். நான் எஃப்பில் கை வைத்தேன். சோற்றில் கல் கடிபட்டது போல இருந்தது.

பாட்டு நின்றது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, கீழ போறீங்க" என்றார் டீச்சர்.

எங்கள் ஆர்கன் மின்சார ஆர்கன்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கட்டையும் அரைச் சுருதி மேலே ஏறும். ஒரு தடவை அழுத்தினேன். மறுபடி தொடங்கினோம்.

"இன்னும் கீழதான்க்கா."

இன்னொரு தடவை அழுத்தினேன்.

"இப்ப மேல போயிட்டீங்க!"

யாரோ சிரித்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. எந்தக் கட்டையில் வைத்தாலும் சேரவில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், விரல் நுழையாத ஓர் இடத்தில் என் பாட்டு போய் உட்கார்ந்திருந்தது. போதாததற்கு அவர்கள் ஒவ்வொரு வரியையும் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் மெட்டுப் போட்ட பாட்டில் நானே பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஆர்கன் பழசாயிருச்சு லா" என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

அதையும் பார்த்துவிடலாம் என்று பழைய பாட்டு ஒன்றை வாசித்தேன். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பாலும் தண்ணியுமாகக் கலந்தது. ஆக ஆர்கன் நன்றாக இருக்கிறது. எனக்குப் பயம் கூடியது.

"அங்கிள் போன்ல ஏதாச்சும்..." என்று இழுத்தாள் வலேரி. சோப்ரானோ என்கிற மேல் குரலில் முன்னால் நின்று பாடுகிற பெண், ஒரு கிளினிக்கில் வேலை.

"கம்ப்யூட்டர் எப்படிம்மா தப்பா பாடும்? எழுதுனதைத்தானே பாடும்?" என்றார் டீச்சர். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எழுதியதில் தப்பில்லை என்று நானே கண்ணால் பார்த்தவள் அல்லவா? "புதுப் பாட்டுல்ல, அக்காவுக்கு இன்னும் கை பழகலை. அதான்" என்று டீச்சரே முடித்தார்.

நான் போட்ட மெட்டு எனக்குப் பழகவில்லையாம். சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும், என் காதை நானே நம்பாத நேரத்தில் அது எங்கிருந்து வரும்?

ஒத்திகை முடிந்து வெளியே வந்தபோது வலேரி என் கூடவே நடந்து வந்தாள்.

"ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கேன்."

"இல்ல, செடெனாக்ல என் மாமா மகன் தீபன் இருக்கான். நல்லா கீபோர்ட் வாசிப்பான். திருவிழாவுக்கு மட்டும் வேணும்னா கேட்டுப் பாக்கவா? நீங்க முன்னுக்கு உக்காந்து உங்க பாட்டை நிம்மதியா கேக்கலாம்ல."

அன்பாகத்தான் சொன்னாள். அதனால் திட்டவும் முடியவில்லை. பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு, கூட்டிப்போக வந்திருந்த இவருடைய காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டில் இவர் இல்லாத நேரம் பார்த்து அந்தப் போனில் பாட்டை ஓடவிட்டு, கூடவே கீபோர்டில் கட்டையை அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. ஒன்றுக்குக் கூட, இன்னொன்றுக்குக் குறைய. திரையில் பார்த்தால் எஃப், எஃப் என்று கூசாமல் எழுதியிருக்கிறது. இவர் வந்ததும், ஒன்றுமே தெரியாதவள் போல, "இது ரெண்டும் ஒண்ணா இருக்காங்க?" என்று கேட்டேன். யாரிடம் போய்க் கேட்டேன் பாருங்கள்.

"ஒண்ணுதான். எஃப்னு போட்டிருக்கே" என்று திரையைக் காட்டினார்.

எழுத்து ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது. எல்லாரும் எழுத்தின் பக்கம். குளுவாங் டாக்டரும் அவர்கள் பக்கம்தான் நிற்பார் என்று தோன்றியது. நாலைந்து நாள் இதையே யோசித்துச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். பிறகு செல்வராணி டீச்சரைப் போனில் கூப்பிட்டு, திருவிழாவுக்கு அந்தத் தம்பி தீபனையே வரச் சொல்லிவிடுங்கள், எனக்குக் கைவலி என்று சொன்னேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் பின்னால் நிற்கிறார்.

"உனக்கு எப்ப கைவலி வந்துச்சு?"

"இப்பதான்."

"எந்தக் கை?"

எந்தக் கை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்ததோ அழுகை. நின்ற இடத்திலேயே அழுதேன். காய்ச்சல், இரைச்சல், டாக்டர், மேசை விரிப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். "என் காது போச்சுங்க. என் பாட்டே எனக்குச் சரியா கேக்கலை. அந்தப் பதிவு எல்லாருக்கும் சரியா இருக்கு, எனக்கு மட்டும் அபஸ்வரமா இருக்கு. இனி அந்த ஆர்கன்ல நான் உக்காரக் கூடாது."

இவர் மேசை விரிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தனியாவா குளுவாங் போன?" என்று கேட்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். கோப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தார், சீனி போட மறந்துவிட்டார்.

"டொரத்தி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத" என்றார். "நீ கீபோர்டையும் கேட்ட, போனையும் கேட்ட. ரெண்டையும் எந்தக் காதால கேட்ட?"

"என் காதாலதான். வேற யாரு காதால கேப்பாங்க?"

"அதான். ஃபேக்டரியில அளக்குற கேஜ் கெட்டுப்போயிருந்தா, அதுல எதை அளந்தாலும் தப்பாத்தான் காட்டும். ஆனா ரெண்டு சாமானையும் அதே கேஜ்ல அளந்தா, ஒரே அளவு சாமான்னா ஒரே நம்பர்தான் வரணும். தப்பான நம்பரா இருந்தாலும் ஒரே நம்பர். உனக்கு ரெண்டு நம்பர் வருது."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். இரண்டு கரண்டிகளை மேசையில் வைத்து, ஒரு வளைந்த ஸ்கேலால் அளந்து காட்டினார். ஸ்கேல் வளைந்திருந்தாலும் கரண்டிகள் இரண்டும் ஒரே அளவு என்றே வந்தது.

"அப்ப?"

"அப்ப உன் காது எப்படி வேணா இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணு இல்ல. எனக்குத்தான் ஒண்ணா கேக்குது."

சொல்லிவிட்டு மைலோ டின்னை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காதால் கண்டுபிடிக்க அவரால் முடியாது. அதனால் எண்களைத் தேடினார். போன் திரையின் மூலையில் பாட்டின் நீளம் போட்டிருந்தது, மூன்று நிமிடம். என் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் இருந்த பதிவைப் பார்த்தார், இரண்டே முக்கால்.

"முதல்ல எதையாச்சும் விட்டுட்டேனா?" என்று முழுவதையும் ஓடவிட்டுக் கேட்டார். "எல்லா வரியும் இருக்கா?"

"இருக்கு."

"கடைசி ஆமென்?"

"அதுவும் இருக்கு."

"அப்ப கால் நிமிஷம் எங்க போச்சு?"

எனக்கும் தெரியவில்லை. அவர் கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் என்னென்னவோ தட்டினார், படித்தார், தட்டினார். நான் மத்தியானச் சமையலை முடித்துவிட்டு வந்தபோது ஒரு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். மென்பொருள் சத்தத்தைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் அனுப்புமாம், ஒரு வினாடிச் சத்தத்துக்கு நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் துண்டு. அந்தப் போனோ ஒரு வினாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு விழுங்குகிற ஜாதி. இடையில் ஒருவன் நின்று இரண்டையும் சரிக்கட்ட வேண்டும், அந்த ஒருவன் இவர் போனில் வேலை செய்யவில்லை. அவசரமாக விழுங்கினால் பாட்டு சீக்கிரம் முடியும், சுருதியும் மேலே ஏறும், பழைய கேசட் வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சென்று ஆகுமே, அதேதான். ஏறியதும் முழுசாக ஏறவில்லை. ஒரு கட்டையைத் தாண்டி, அடுத்த கட்டையை எட்டாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தப் பொத்தான் மட்டும் கண்ணுக்குத் தெரிந்து, பாட்டை ஒலிக் கோப்பாக எடுத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

"அப்ப நான் வாசிச்சது சரி?"

"நீ வாசிச்சது சரி. போன்தான் தப்பு. போன் இல்ல, நான்தான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தேன். இத்தனை நாள் என்னை அழ வைத்ததற்கு அவர் முதுகில் ஒரு அடி போட்டேன். அவர் அந்தக் கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரியை மாற்றி, போனை அணைத்து, மறுபடி போட்டார். கீபோர்டில் எஃப்பை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். போன் பாடியது. எஃப்போடு எஃப் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் போனைக் கையில் எடுத்து வலது காதில் வைத்துக் கேட்டேன். என் பாட்டு. நான் நினைத்த வேகம், நான் நினைத்த சுருதி. அப்படியே மாற்றி இடது காதில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

சிறியதாக, தூரத்தில், கொஞ்சம் கீழே இறங்கி, வேறு யாரோ பாடுவது போல என் பாட்டு கேட்டது. மறுபடி வலது. மறுபடி இடது. டாக்டர் சொன்னது சரி.

"இப்ப சரியா இருக்கா?" என்றார் இவர், முகமெல்லாம் பல்லாக.

சரி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. எதற்கு, இன்னொரு மேசை விரிப்பு வாங்குவதற்கா?

"இந்தக் காதுல சரி" என்றேன். "இந்தக் காதுல வேற மாதிரி கேக்குது."

அவர் போனை வாங்கித் தன் இடது காதில் வைத்தார். வலது காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். வித்தியாசம் கேட்டுவிட வேண்டும் என்று அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, என் இடது காதை ஒரு உதிரி பாகத்தைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

"இதை எங்க மாத்துறது?" என்று கேட்டார்.

"இதுல அந்த வரி இல்லைங்க."

அடுத்த ஒத்திகையில் நான் எல்லாரிடமும் சொன்னேன். போன் செய்த கூத்தைச் சொன்னபோது கோயிலே அதிர்வது போலச் சிரித்தார்கள். என் இடது காதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. தீபன் வந்தே வாசிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை என்றேன். வருத்தம் இருந்தது.

"அக்கா" என்றார் செல்வராணி டீச்சர். "ஒரு மாசமா அந்தப் பதிவோட சுருதியிலயும் வேகத்துலயும்தான் எல்லாரும் ஊறிக் கெடக்காங்க. இப்ப மாத்துனா திருவிழா அன்னிக்குப் பாதிப் பேரு அங்க, பாதிப் பேரு இங்க நிப்பாங்க. ஆர்கனை இவங்க இடத்துக்குக் கொண்டு வர முடியாதா?"

"அந்த நடு இடத்துக்குன்னா கேட்டுக் கேட்டுத்தான் திருகணும்."

"அதைத்தான் கேக்குறேன். தீபனுக்கு உங்க பாட்டும் தெரியாது, இந்த நடு இடமும் தெரியாது. நீங்க வாசிங்க."

ஆர்கனில் அரைச் சுருதி ஏற்றும் பொத்தானுக்குப் பக்கத்தில், அதைவிடப் பொடியாக ஏற்றி இறக்க ஒரு திருகு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன். வலேரி முதல் சுரத்தைப் பிடித்து நின்றாள். ஒரு கட்டை ஏற்றி, பிறகு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கல் கடிபடுவது குறைந்து, குறைந்து, ஒரு இடத்தில் காணாமல் போனது. அங்கேயே விட்டேன். அந்தச் சுருதிக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் கிடையாது.

திருவிழா அன்று வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். இவர் வழக்கம் போலத் தூணருகே, நான் வாசிக்கும் இடம் தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு முதல் கட்டையை அழுத்தினேன். குழு எழுந்தது.

கோயிலில் எல்லாரும் பீடத்தையோ பாடுகிறவர்களையோ பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு சரியாக இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேறு வழியில்லை. நான் வாசித்துக்கொண்டே அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியில் ஒரு பிசிறு இல்லை.